சிவப்புக் கோடும் சித்தியின் அகராதியும்

என் சித்திக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம், தொந்தரவாகத்தான் நினைப்போம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, கேசரி நான் கிண்டியது என்று அளந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, "இல்லீங்க, நான்தான் கிண்டினேன். இவளுக்கு ரவை டப்பா எங்க இருக்குன்னே தெரியாது" என்று போட்டு உடைத்துவிட்டாள். அந்தச் சம்பந்தம் கூடிவராமல் போனதில் எனக்குப் பரம சந்தோஷம் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவளிடம்தான், பொய்யாகக் கையெழுத்துப் போட்டது ஏன் என்று அவள் கம்பெனியில் எழுத்துமூலம் கேட்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கம்பெனி பஸ்ஸில் எடமலைப்பட்டி புதூரில் இறங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள், சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். முகம் சரியில்லை. அம்மா காபி போடப் போனாள். சித்தி என்னிடம் நேராக வந்து, "உன் கம்ப்யூட்டர எடுடி" என்றாள்.

எனக்கு அப்போது கம்ப்யூட்டர் மட்டும்தான் இருந்தது. எம்.எஸ்ஸி. முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்து, சேரும் தேதி மட்டும் வராமல் மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எது ரிப்பேர் என்றாலும் நானே போய் விழுவேன். வைஃபை பெட்டியை இரண்டு முறை பிரித்துச் சேர்த்திருந்தேன். ஒரு முறை காரணமே இல்லாமல்.

சித்திக்கு வேலை துவாக்குடிப் பக்கம், பாய்லருக்கு உறுப்புகள் செய்யும் ஒரு கம்பெனியில், டாக்குமென்ட் செக்‌ஷனில். எந்தக் குழாயை எந்தச் சூட்டில் எப்படி வெல்டிங் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் இன்ஜினியர்கள் கிறுக்கிக் கொடுப்பார்கள். சித்தி அதை ஆங்கிலத்தில் அச்சுப்போல டைப் செய்து கையேடாக்குவாள். ஒவ்வொரு கையேட்டின் கடைசித் தாளிலும் 'ஸ்பெல்லிங் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் கையெழுத்து. இப்படி நாலு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருந்தவளுக்கு அந்த மாதம்தான் நிரந்தரம் ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து, முந்நூற்றுச் சொச்சம் பக்கக் கையேடு ஒன்றைப் புனேயிலிருந்து வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக்கு ஏழெட்டுப் பிழையாம். 'சரிபார்க்காமலேயே சரிபார்த்ததாகக் கையெழுத்திட்டது ஏன்?' என்று மேனேஜர் மெமோ கொடுத்திருந்தார். திங்கட்கிழமை பதில் வேண்டும், திருத்திய கையேடும் வேண்டும். மெமோ ஃபைலில் இருந்தால் நிரந்தரம் கிடையாது.

"நான் பார்த்தேன்டி. ஒரு சிவப்புக் கோடு இல்ல. பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள் சித்தி.

புனேயிலிருந்து வந்த ஃபைலை என் மெயிலுக்கு அனுப்பச் சொல்லித் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள், மிளகாய் காயப்போட்ட மாதிரி. கிட்டே போய்ப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ரகம். டெம்ப்ரேச்சர் என்ற சொல் 'டெம்ப்-ரேச்சர்' என்று வரிக்கு நடுவே ஹைஃபன் போட்டு இரண்டாக வெட்டப்பட்டுக் கிடந்தது. 'எலெக்ட்-ரோடு', 'இன்ஸ்-பெக்‌ஷன்' என்று வழியெல்லாம் வெட்டு.

"இது யாரு சித்தி, நடுவுல நடுவுல ஹைஃபன் போட்டது?"

"நான்தான். ஆனா நான் போட்டது வரியோட கடைசில. நடுவுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல."

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கம்மி. "சித்தி, இது ஒரு நிமிஷ வேலை" என்றேன். எல்லா ஹைஃபனையும் தேடு, ஒன்றுமில்லாமல் மாற்று. பட்டனை அழுத்தினேன். நாலாயிரத்துக்கு மேல் மாற்றியதாகச் சொன்னது. சிவப்பு கிட்டத்தட்ட எல்லாம் மடமடவென்று மறைந்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளி இரண்டு கையையும் தூக்கினேன். அம்மா காபியோடு வந்து, "முடிஞ்சுதா? நான் இன்னும் சர்க்கரையே போடலையே" என்றாள்.

சித்தி காபியைத் தொடவில்லை. திரையைப் பக்கம் பக்கமாக நகர்த்திப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இது என்னடி? குழாயை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்து இருநூறு டிகிரிக்குச் சூடு பண்ணணுமா?"

எட்டிப் பார்த்தேன். நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவே இருந்த ஹைஃபனையும் நான் தின்றுவிட்டிருந்தேன். ஒவ்வொரு நடைமுறைக்கும் உள்ள எண்ணில் இருந்த ஹைஃபன்களும் காலி. வெல்டிங்குக்கு முன்பு, வெல்டிங்குக்குப் பின்பு என்று முறையாகவே ஹைஃபன் போட்டு எழுத வேண்டிய சொற்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"இத அனுப்பியிருந்தா வெல்டருக்கு டார்ச் போதாது, சூரியனத்தான் எறக்கணும்" என்றாள் சித்தி. அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பழைய ஃபைலையே மறுபடி திறந்தேன்.

ஆக, ஹைஃபன்களில் நல்லது உண்டு, கெட்டது உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பதென்றால் நாலாயிரம். அதைவிட என்னை அரித்தது வேறொன்று. என் கம்ப்யூட்டரில் இத்தனை சிவப்பு. சித்தியின் கம்ப்யூட்டரில் ஒன்றுகூட இல்லை என்கிறாள். சித்தி பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் அவள் கம்ப்யூட்டர் பொய் சொல்கிறது.

"நாளைக்கு ஆபீஸ் உண்டா?"

"சனிக்கிழமை அரை நாள். ஒரு மணிக்குப் பூட்டிடுவாங்க."

"நானும் வரேன்."

மறுநாள் காலை கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், நேரம், வந்த காரணம். நான் 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று எழுத ஆரம்பித்தேன். சித்தி பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு, 'என் அக்கா மகள், என் வேலையில் உள்ள தவறைக் கண்டுபிடிக்க' என்று எழுதினாள். செக்யூரிட்டி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மேடம், இப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க" என்றார். "நான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள் சித்தி.

மேனேஜரிடம் அனுமதி கேட்டோம். ஐம்பது வயதிருக்கும், களைத்த மனிதர். "ஒரு மணிக்குள்ள என்ன வேணா பாருங்க. ஆனா மெமோ மெமோதான்" என்று சொல்லிவிட்டுத் தன் கண்ணாடித் தடுப்புக்குள் போய்விட்டார்.

சித்தியின் கம்ப்யூட்டரில் இருந்தது காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருள். கையேட்டைத் திறந்தாள். எல்லா வரியும் வலது ஓரத்தில் கத்தி வைத்து நறுக்கினாற்போல் முடிந்தது. ஹைஃபன்கள் அத்தனையும் வரிக் கடைசியில்தான் இருந்தன. ஒரு சிவப்புக் கோடு இல்லை.

"பார்த்தியா?" என்றாள்.

புதிரில் பாதி உடனே புரிந்தது. சித்தி வைத்திருந்த எழுத்துரு புனேயில் இல்லை, என் லேப்டாப்பிலும் இல்லை. வேறு எழுத்துரு வந்ததும் வரிகள் நகர்ந்துவிட்டன. வரிக் கடைசியில் கையால் போட்ட ஹைஃபன், சொல்லோடு ஒட்டிக்கொண்டு நடு வரிக்கு வந்துவிட்டது.

"ஏன் சித்தி கையால போட்டீங்க?"

"பின்ன? தெப்பக்குளத்துல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல அப்படித்தான் அடிச்சேன். ஓரத்துக்கு வந்தா மணி அடிக்கும். சொல்லு முடியலன்னா கோடு போட்டு அடுத்த வரிக்குப் போயிடணும். ஓரம் கோணலாப் போச்சுன்னா பரீட்சையில மார்க் போச்சு. ஹையர் பர்ஸ்ட் கிளாஸ்டி நான்!"

"கம்ப்யூட்டர்ல மணி அடிக்காதே."

"அதுக்கென்ன, கண்ணு இருக்குல்ல?"

சரி, இன்னொரு பாதி. சிவப்புக் கோடு ஏன் வரவில்லை? வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து வாய்க்கு வந்ததை உளறலாக அடித்தேன். உடனே சிவப்பு. ஆக, ஸ்பெல்லிங் சோதனை வேலை செய்கிறது. 'டெம்ப்-ரேச்சர்' என்று வெட்டி அடித்தேன். சிவப்பு இல்லை. 'ரேச்சர்' மட்டும் அடித்தேன். சிவப்பு. வெட்டிய சொல்லை முழுசாக அப்படியே சரி என்று இந்த கம்ப்யூட்டருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"சித்தி, சிவப்புக் கோடு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மவுஸ்ல வலது பக்கம் அமுக்கினா ஒரு பட்டியல் வரும். அதுல 'அகராதியில் சேர்'னு இருக்கும். அத அமுக்கினா கோடு போயிடும்."

"எப்பலேர்ந்து?"

"சேர்ந்த நாள்லேர்ந்து. கோடு பிரிண்ட்லயும் வந்துடுமோன்னு பயம். வெட்டின சொல்லுக்கும் ஆள் பேருக்கும்தான் அது வருது, அதுக்குப் புரியல, நாம சொல்லிக் குடுத்துடுவோம்னு நெனச்சேன்."

அந்த அகராதி எந்த ஃபோல்டரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். திறந்தேன். வரிக்கு ஒரு சொல், ஆயிரத்து எழுநூறுக்கு மேல். ஆள் பெயர், ஊர்ப் பெயர் என்று கொஞ்சம் போக, மற்றதெல்லாம் நடுவில் வெட்டுப்பட்ட சொற்கள், அகர வரிசையில் சமர்த்தாக நின்றன. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சித்தி சிரிக்கவில்லை. சத்தம் கேட்டு மேனேஜர் எழுந்து வந்தார். நான் உற்சாகத்தில், கோடே இல்லாத கையேட்டைத் திரையில் காட்டி, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கொட்டியிருக்கக் கூடாது.

"அப்ப மேடம்," என்றார் அவர், "தப்புன்னு அது காட்டக் காட்ட நீங்க அதோட வாயை அடைச்சிருக்கீங்க. கவனக்குறைவுன்னு நெனச்சேன். இது அதைவிட மோசம். திங்கட்கிழமை பதில்ல இதையும் எழுதுங்க."

சித்தி, "எழுதறேன் சார்" என்றாள். அவர் திரும்பிப் போனதும் நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்து எழுநூறு சொல். ஒவ்வொன்றும் அவளே கையால் சேர்த்தது. மேலே, கீழே என்று அதை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் பளிச்சென்றது.

இதில் நூற்றைம்பது-இருநூறு இல்லை. எண்களைச் சோதனை கண்டுகொள்வதே இல்லை. அதனால் சித்தி சேர்க்க வேண்டி வரவில்லை. முறையாக ஹைஃபன் போட்ட சொற்களும் இல்லை. அவற்றின் இரண்டு பக்கமும் நல்ல சொற்கள், சிவப்பு வந்திருக்காது. பெயர்களை விட்டால், சிவப்பு வந்தது வெட்டின சொல்லுக்கு மட்டும்தான். வந்த ஒவ்வொன்றையும் சித்தி விடாமல் சேர்த்திருக்கிறாள். நான் நேற்று எதைத் தேடித் தவித்தேனோ, எது கெட்ட ஹைஃபன், எது நல்லது என்று, அதன் முழுப் பட்டியல் என் கண்முன்னால் இருக்கிறது!

"சித்தி! நீங்க வாயை அடைக்கல. நாலு வருஷமா குறிப்பெடுத்திருக்கீங்க!"

"கத்தாதடி. புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன். பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடு. கையேட்டில் அது எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஹைஃபனை எடுத்துவிட்டு ஒட்டு. அடுத்த சொல்லுக்குப் போ. இதையெல்லாம் கம்ப்யூட்டரே தானாகச் செய்யும்படி பன்னிரண்டு வரியில் ஒரு மேக்ரோ. நான் அதை எழுதுகிறேன். அதற்குள் சித்தி பட்டியலைப் படித்து, வாடிக்கையாளர் பெயர், பொருள் பெயர் என்று உண்மையிலேயே ஹைஃபன் வேண்டியது ஏதாவது கலந்திருந்தால் எடுத்துவிட வேண்டும்.

மணி பதினொன்று. சித்தி பட்டியலை பிரிண்ட் எடுத்துக்கொண்டு பக்கத்து மேஜையில் உட்கார்ந்தாள். பென்சில் போகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்கூல் பையன் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் மேக்ரோவை எழுதி, ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டு, அது முறைத்து, கண்டுபிடித்து, மறுபடி எழுதி முடித்தபோது அவள் முப்பத்தொரு சொல்லை அடித்திருந்தாள்.

முதலில் கையேட்டுக்கு ஒரு நகல். பிறகு அகராதிக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, மென்பொருளில் இருந்த அகராதியைக் காலி செய்தேன். அவ்வளவுதான். சித்தியின் திரையில், நாலு வருஷத்தில் முதல் முறையாக, சிவப்பு கொட்டியது. அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "இத்தனையாடி?"

"இப்ப பாருங்க" என்று மேக்ரோவை ஓட்டினேன்.

ஐந்து நிமிஷம் ஆனது. நடுவில் திரை உறைந்து நின்றது. பிறகு கோடுகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. பக்கத்தை நகர்த்த நகர்த்த வெள்ளை. இன்னும் நகர்த்தினால் இன்னும் வெள்ளை. கடைசியில் மிஞ்சியது வெல்டர்களின் பெயர்களும் ஊர்ப் பெயர்களும்தான். "நூத்தம்பது?" என்று சித்தி கேட்டாள். தேடிக் காட்டினேன். நூற்றைம்பது-இருநூறு, நடுவே கோட்டோடு, பத்திரமாக இருந்தது. சித்தி என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தாள். பாராட்டு என்றால் எங்கள் குடும்பத்தில் அப்படித்தான்.

மணி பன்னிரண்டேகால். "கெளம்பலாம் சித்தி, ஜெயிச்சாச்சு."

சித்தி எழுந்திருக்கவில்லை. "இரு. இரண்டு பக்கமும் நல்ல சொல்லா இருந்தா சிவப்பு வராதுன்னு சொன்னியே?"

"ஆமா."

"நான் வெட்டினதுல அப்படி விழுந்தது இருக்குமே? டார்கெட்ட 'டார்', 'கெட்'னு வெட்டியிருப்பேன். ரெண்டுமே இங்கிலீஷ்ல சொல்லு. அதுக்குக் கோடு வந்திருக்காது, நானும் சேர்த்திருக்க மாட்டேன். அது உள்ளயே கெடக்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றாதது வெட்கமாக இருந்ததால், "புனேக்காரங்க கம்ப்யூட்டரும் அதைக் காட்டாது சித்தி. யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றேன்.

"கையெழுத்துப் போடப்போறது நான்டி."

எங்களுக்குப் பின்னால் மேனேஜர் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கையில் சாவிக் கொத்து. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையேட்டில் மிச்சமிருந்த ஹைஃபன் சொற்களையெல்லாம், எண்களை விட்டுவிட்டு, பலதரம் வந்ததையும் ஒருதரம் மட்டும் காட்டும்படி பட்டியலாக எடுத்தேன். முந்நூற்று இருபது. சித்தி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்து, "இருக்கணும்... இருக்கணும்... இது நான் வெட்டினது... இருக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லச் சொல்ல, நான் ஒட்டிக்கொண்டே வந்தேன். ஒரு சொல்லில் அவள் தயங்கியபோது மேனேஜரே, "அது இருக்கணும் மேடம், ஸ்டாண்டர்ட்ல அப்படித்தான்" என்றார். வெட்டியது நாற்பத்திரண்டு தேறியது.

மணி ஒன்றே கால் ஆகியிருந்தது. செக்யூரிட்டி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் ஃபைலைத் தன் லேப்டாப்புக்கு அனுப்பச் சொன்னார். அதில் இருந்தது புனேக்காரர்கள் வைத்திருக்கும் மென்பொருள். திறந்தார். வரிகள் நகர்ந்தன, நகர்ந்தால் என்ன, நடுவில் வந்து நிற்க ஹைஃபன் இல்லை. அவர் முந்நூறு பக்கத்தையும் நகர்த்திப் பார்த்தார். சிவப்பு வந்த இடத்திலெல்லாம் ஒரு வெல்டரின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ இருந்தது.

"நல்லா இருக்கு மேடம். அந்த மெமோவ விட்டுடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சித்தி கடைசித் தாளை பிரிண்ட் எடுத்து, கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். பிறகு சொன்னாள்: "சார், குடுத்தது எழுத்துல. வாபஸும் எழுத்துல வேணும்."

"திங்கட்கிழமை ஹெச்.ஆர்.கிட்ட சொல்லி..."

"இப்பவே டைப் பண்ணிடலாம் சார். ரெண்டு வரிதான்."

"நீங்களே அடிங்களேன், வேகமா அடிப்பீங்க."

"நான் அடிச்சா நல்லா இருக்காது சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெருமூச்சு விட்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். சித்தி கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒரு எழுத்துக்குக்கூட உதவவில்லை. 'அவர் கம்ப்யூட்டரில் பிழை எதுவும் காட்டப்படாததை நேரில் பார்த்தேன், அவர் சரிபார்த்துத்தான் கையெழுத்திட்டிருக்கிறார்' என்று ஒரு வரி. மெமோவைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி. அச்சாகி வரும்வரை சித்தி பிரிண்டரை விட்டு நகரவில்லை.

அவர் கதவைப் பூட்டுவதற்குள் அவளுக்கு இன்னொன்றும் காட்டிவிட்டேன். வரி ஓரத்தைத் தானாகவே சீராக்கி, வேண்டிய இடத்தில் தானே கோடு போட்டு, வரி நகர்ந்தால் தானே எடுத்துக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளிலேயே இருந்தது. ஒரே ஒரு டிக். "நாலு வருஷமா உள்ளயேதான் இருந்துச்சா இது?" என்றாள். இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை புனேக்காரர்கள் கையேட்டை ஏற்றுக்கொண்டார்கள். மாதக் கடைசியில் நிரந்தர உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு இப்போது கண்ணை மூடினாலும் தெரிவது அந்தச் சனிக்கிழமை பஸ்தான். திருவெறும்பூர் தாண்டி நல்ல கூட்டம். வெயில். உட்கார இடம் இல்லை. ஒரு கையில் கம்பி, இன்னொரு கையில் ஃபோன், அக்குளில் ஃபைல். பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஷிப்டில் இருந்த சித்தப்பாவிடம், மொத்த பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி சித்தி கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, தப்பு என்னுதுதான். ஆயிரத்து எழுநூறு தப்பு. எல்லாம் நான் பண்ணினதுதான்... கேக்குதா? ஆனா பொய் சொல்லலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கையெழுத்தோட!"